படுகளத்து மண்: பத்து நாள் பாரதப் பயணம்

முதல் நாள், வெள்ளி

இரவு முழுக்கப் பயணம் செய்து காலையில் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தேன். செய்யாறு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பயணத்தின் காரணத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா போன ஐப்பசியில் காலமானார். எங்கள் வீடு அடுக்ககத்தில் ஐந்தாவது மாடி. காரியத்துக்கு வந்த ஆட்கள் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மறுநாள் தேர்வு. அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அதுகூட வரவில்லை. பதினாறாம் நாளும் ஒரு மண்டபத்தில் காலை டிபனோடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து நெஞ்சில் ஏதோ ஒன்று கீழே இறங்காமல் நிற்கிறது.

என் அம்மாச்சியின் ஊர் வத்திராயிருப்புப் பக்கம். அங்கே அருச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. பஞ்சத்தில் பிறந்த வீடு தேடிப் போய், அண்ணி மூளி அலங்காரியின் கொடுமை தாங்காமல், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்து செத்தவள். அம்மாச்சி அந்தக் கதையை வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்வாள். மூத்தவன் கெஞ்சுகிற இடம் வந்தால் குரல் உடைந்துவிடும். முடிவுதான் தெரியுமே, எதற்கு அழுகிறாய் என்று கேட்டால், போய்ப் படு என்பாள். பெற்ற பிள்ளைகளைக் கொன்றவளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஊரில் வளர்ந்தும், அது எப்படி என்று நான் யோசித்ததே இல்லை. அப்பா போன பிறகுதான் யோசிக்கிறேன்.

வடக்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளம், தீமிதி என்று நடப்பதைப் படித்திருக்கிறேன். பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் கொடுத்த கூரம் செப்பேட்டில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. விளக்கெண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வழி செய்வது போலக் கதைக்கும் வழி செய்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷங்கள் கழித்து நான் அதே கதையைக் கேட்கப் போகிறேன் என்ற நினைப்பு தூக்கத்தைக் கலைத்துவிட்டது.

நான் இறங்கிய ஊர் செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவில். தங்க இடம் கொடுத்த வீட்டார் விரும்பாததால் பெயரை எழுதவில்லை. மதியம் இரண்டு மணி வெயிலில் கோயில் முன்னால் பந்தல். பிரசங்கியார் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில் ஒரு விருத்தத்தைப் பாடுகிறார், சொல் சொல்லாகப் பிரிக்கிறார், பிறகு நாட்டு வழக்கில் கதைக்கு இறங்குகிறார். இன்று தருமன் செய்யும் ராஜசூய யாகம். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எனக்குப் பாயில் இடம் விட்ட மூதாட்டியை எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அத்தனை தூரத்திலிருந்தா? அங்கே அம்மன் இல்லையா?" என்றார்.

இரண்டாம் நாள், சனி (ஞாயிறு காலை எழுதியது)

நேற்று இரவு பகடை துகில், சூதாட்டமும் துகிலுரிதலும் வருகிற கூத்து. இன்னும் கை நடுங்குகிறது.

ஏழு மணிக்கே வேஷம் கட்டும் கொட்டகைக்குப் போய் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்தேன். எல்லோரும் ஆண்கள். முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொள்கிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பலகையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. இந்தக் கட்டைகளால்தான் கட்டைக்கூத்து என்ற பெயரும் இருக்கிறது. எடை குறைவான மரம்தான், என்றாலும் அத்தனையும் ஏறிய பிறகு அந்த மனிதர் சாதாரணமாகக் கதவில் நுழைய முடியவில்லை. திரௌபதி வேஷக்காரர் மட்டும் மூலையில் யாரிடமும் பேசாமல் இருந்தார். காலையிலிருந்து விரதம் என்று கூத்து வாத்தியார் மெதுவாகச் சொன்னார்.

பத்து மணிக்கு மத்தளமும் தாளமும் முகவீணையும் எழும்பின. இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் நின்று துரியோதனன் திரை விருத்தம் பாடுகிறான். முதலில் கிரீடத்தின் நுனி, அடுத்து ஒரு கை, ஒரு கால். கால்மணி நேரம் கழித்துத்தான் முழு உருவம். அவன் களரியில், அதாவது ஆடுகளத்தில், சுழன்று சுழன்று ஆடியபோது முன்வரிசைக் குழந்தைகள் பின்னுக்கு நகர்ந்தன.

துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிற கட்டத்துக்கு முன் ஆட்டம் நின்றது. துச்சாதனன் வேஷக்காரர் அம்மன் இருக்கும் திசை பார்த்துக் கற்பூரம் ஏற்றினார். விழுந்து கும்பிட்டார். "தாயே, இது கதை. என் கையால் நடக்கப் போவதைப் பொறுத்துக்கொள்" என்று மன்னிப்புக் கேட்டார். திரௌபதியின் காலையும் தொட்டார். அதற்குப் பிறகுதான் கூந்தலில் கை வைத்தார்.

நகர அரங்குகளில் நிறைய நாடகம் பார்த்திருக்கிறேன். கொடுமை செய்பவனாக நடிக்கிறவன், செய்வதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டதை எங்கும் பார்த்ததில்லை. இந்தக் கும்பிடு பயத்தைக் குறைக்கவில்லை. நடக்கப் போவது பொய் இல்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டது. சேலை மேல் சேலையாக முடிச்சுப் போட்டு வைத்திருந்ததை அவர் இழுக்க இழுக்க, திரௌபதி வேஷக்காரர் கண் மேலே செருகி, உடம்பு விறைத்துச் சாய்ந்தார். பம்பைக்காரர் ஓடினார். திருநீறு இட்டு, தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை, கைதட்டவும் இல்லை. பெண்கள் கைகூப்பியபடி இருந்தார்கள். கூந்தலை முடிய மாட்டேன் என்று திரௌபதி சபதம் செய்தபோது ஆயா தன் கொண்டையை அவிழ்த்துவிட்டார். பார்த்தால் சுற்றிலும் பலர் அவிழ்த்திருந்தார்கள்.

நானும் ரப்பர் பேண்டைக் கழற்றினேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு

பகல் முழுக்கத் தூக்கம். மாலையில் கோயில் வாசலில் போத்துராஜாவைப் பார்த்தேன். திரௌபதியின் காவல்காரர், கையில் வெட்டிய தலை. இரவு அர்ச்சுனன் தபசு. விடியும்போது மரம் ஏறுவார்கள், முன்னால் போய் இடம் பிடித்துக்கொள் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார்.

நான்காம் நாள், திங்கள்

தபசு மரம் என்பது ஒரு நெடும் பனைமரத் தண்டு. குறுக்கே குச்சிகள் அடித்துப் படி வைத்திருக்கிறார்கள், உச்சியில் ஒரு சிறு பரண். கைலாசம் போகிற வழி என்று அதற்கு அர்த்தம். அர்ச்சுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடி ஏறினார். அறுபது வயது இருக்கும் அந்தக் கலைஞருக்கு. இடுப்பில் கயிறு ஏதும் இல்லை.

மரத்தடியில் ஈரச் சேலையோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள். மேலிருந்து திருநீறும் பூவும் எலுமிச்சம்பழமும் விழும்போது மடியில் ஏந்திக்கொள்ள வேண்டும். அர்ச்சுனன் தவம் செய்தது பாசுபதம் என்கிற ஆயுதத்துக்காக. கொல்வதற்காகக் கேட்ட வரம் அது. அதே மரத்தின் கீழே பிறப்பதற்கான வரத்தை இவர்கள் கேட்கிறார்கள். கதைக்கு இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று எந்தப் பண்டிதர் சொல்லிக் கொடுத்தார்? இந்தப் பெண்களின் பாட்டிமார்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஒரு பெண்ணின் மடியில் விழுந்த பழம் துள்ளி வெளியே ஓடியது. பக்கத்தில் இருந்தவள் அதை எடுத்தாள். ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எடுத்தவள் பழத்தை அவள் மடியிலேயே திரும்ப வைத்தாள். இந்தப் பயணத்தில் இதுவரை நான் பார்த்ததில் பெரியது இதுதான்.

பிற்பகல் செஞ்சிக்கு வந்து, பக்கத்து மேலச்சேரியில் உள்ள திரௌபதி கோயிலைக் கும்பிட்டேன். இந்த வழிபாட்டின் ஆதி இடம் என்று பலர் சொல்கிற கோயில். நடை சாத்தும் நேரம், நிற்க முடியவில்லை. இரவு விழுப்புரம்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

கூவாகம். உளுந்தூர்பேட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர். கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழா பதினெட்டு நாள். செவ்வாய் இரவு தாலி கட்டு, புதன் காலை தேர்.

கூத்தாண்டவர் என்பது அரவான். அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த பிள்ளை. வடமொழிப் பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனால் கொல்லப்படுகிறான், அவ்வளவுதான். தமிழ் அப்படி விட்டுவிடவில்லை. 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலி வந்துவிடுகிறது. போரில் வெற்றி வேண்டுமானால் முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைப் பலி கொடுக்க வேண்டும். கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான் மூவரும்தான் அப்படிப்பட்டவர்கள். மற்ற இருவரையும் இழக்க முடியாது. பிள்ளை ஒப்புக்கொண்டான். இங்கே வழங்கும் கதையில் சாவதற்கு முன் கல்யாணம் ஆக வேண்டும் என்று கேட்கிறான். விடிந்தால் சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாகி அவனை மணந்து, மறுநாள் அவனுக்காக அழுதான்.

அந்த மோகினியின் இடத்தில் திருநங்கைகள் நின்று பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பல ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தூத்துக்குடிப் பெண் பட்டுச் சேலையும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாக இருந்தாள். பதினோராவது வருஷம் என்றாள். தாலி கழுத்தில் ஏறியதும் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த முகத்தை வர்ணிக்க எனக்கு உரிமை இல்லை.

வேடிக்கை பார்க்க வந்த சில ஆண்கள் கைபேசியை அவர்கள் முகத்துக்கு அருகே நீட்டினார்கள். கோபத்தில் ஒருவரிடம் சத்தம் போட்டுவிட்டேன். கேலி பேசினார். போலீஸ்காரர் ஒருவர் வந்ததும் போய்விட்டார். என் கைபேசியைப் பையின் அடியில் போட்டுவிட்டேன். அதனால் கூவாகத்தில் எடுத்த படம் ஒன்றுகூட இந்தப் பதிவில் இல்லை.

ஆறாம் நாள், புதன்

தேரில் அரவானின் தலையும் மார்பும் ஏறி நின்றன. வயல்காரர்கள் விளைந்ததைக் கொண்டுவந்து காணிக்கை வைத்தார்கள். தேர் பலி நடக்கும் இடமான பந்தலடி நோக்கி நகரும்போது மேளத்தில் கல்யாணக் களை இருந்தது. பந்தலடியில் பலி முடிந்ததும் அழுகை கிளம்பியது.

வட்டம் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி. தாலியை அறுக்கிறார்கள், பூவைப் பிய்த்து எறிகிறார்கள், வளையலை உடைக்கிறார்கள், குளித்து வெள்ளைச் சேலை. தூத்துக்குடிப் பெண்ணை மறுபடி பார்த்தேன். பெரியவர் ஒருவர் அவள் இரண்டு கைகளையும் சேர்த்து மோதினார். வளையல் உடையவில்லை. மறுபடி மோதினார். "நல்ல கண்ணாடி அக்கா, சாத்தூரில் வாங்கினேன்" என்று அழுகைக்கு நடுவே என்னைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் தடவை உடைந்தது. மணிக்கட்டில் லேசாக ரத்தம். பிறகு அவள் அழுத அழுகைக்கு அரவான் ஒருவன் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பெற்ற வீடு இருந்தது அதில், போன தோழிகள் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தாள்.

மதியத்துக்குள் எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். அவளும் போய்விட்டாள். அடுத்த சித்திரையில் மறுபடி தாலி கட்டிக்கொள்வாள். போன வருஷம் செத்தவன் இந்த வருஷமும் மாப்பிள்ளையாக வருகிறான், இந்த வருஷமும் சாகிறான். இது அவர்களை ஏமாற்றவில்லை. சாவான் என்று தெரிந்தே கட்டிக்கொள்கிறார்கள். விசுவாசம் என்ற சொல்லுக்கு நான் இத்தனை நாள் கொண்டிருந்த பொருள் மிகச் சிறியது.

ஏழாம் நாள், வியாழன்

திரும்பச் செய்யாறு. நல்ல வெயில், மூன்று பஸ். இரவு அபிமன்யு சண்டை. உடம்பு ஒத்துழைக்கவில்லை, பாதியில் போய்ப் படுத்துவிட்டேன்.

எட்டாம் நாள், வெள்ளி (சனி காலை எழுதியது)

கர்ண மோட்சம்.

இந்தக் கூத்துக்கு மட்டும் தனிக் கூட்டம். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து டிராக்டரில் வந்திறங்கினார்கள். ஆயா சாக்கு விரித்து, தலைக்குத் துணி மூட்டை வைத்துப் படுத்துக்கொண்டார். "பொன்னுருவி வரும்போது எழுப்பிவிடு அம்மா" என்றார்.

பொன்னுருவி கர்ணனின் மனைவி. கூத்து அவளுக்குக் கொடுத்திருக்கிற இடம் பெரியது. தேர்ப்பாகன் மகன் என்று சாதி சொல்லிக் கணவனை வாழ்நாள் முழுக்க இகழ்ந்தவள். பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் அவன் விடைபெற வருகிறான். அவள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவன் தன் பிறப்பைச் சொல்கிறான், குந்தி பெற்ற முதல் பிள்ளை தான் என்று. அவள் காலில் விழுகிறாள். போகாதே என்கிறாள். போய்த்தான் ஆக வேண்டும். அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது அந்த ஒரு நாழிகைதான்.

நடு இரவு தாண்டி இந்தக் கட்டம் தொடங்கியது. ஆயாவைத் தொட்டு எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்தார். அந்த வேஷங்கள் இரண்டும் ஆண்கள் என்பது எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. பின்பாட்டுக்காரர்கள் ஒரு அடியைத் திருப்பித் திருப்பிப் பாட, கர்ணன் நாலடி போவதும் அவள் இழுக்கத் திரும்புவதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. நகரத்து நாடகத்தில் இயக்குநர் இதை ஐந்து நிமிஷமாக வெட்டியிருப்பார். வெட்டினால் பிரிவு என்ற செய்திதான் மிஞ்சும்.

"என் வீட்டுக்காரர் காரியத்துக்கு இந்தக் கூத்தைத்தான் வைத்தோம்" என்றார் ஆயா. இந்தப் பக்கத்தில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் ஆடுவது வழக்கம். கர்ணன் மோட்சம் போகும்போது செத்தவரும் கூடப் போவார் என்று நம்பிக்கை. "அவரிடம் நானும் கடைசி வரை அப்படித்தான் இருந்தேன்." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விடியுமுன் போர். சல்லியன் தேரை விட்டு இறங்கிப் போய்விடுகிறான். சக்கரம் பதிந்துவிடுகிறது. அம்பு பாய்ந்தும் உயிர் பிரியவில்லை, செய்த தர்மம் காக்கிறது. கிருஷ்ணன் கிழட்டு அந்தணனாக வந்து கை நீட்டுகிறான். இருக்கிற புண்ணியம் அத்தனையையும் கர்ணன் தன் ரத்தத்தால் தாரை வார்த்துக் கொடுக்கிறான். கடவுளே வந்து பிச்சை கேட்கிறார், கொடுத்தால் சாவு என்று தெரிந்தும் அவன் கொடுக்கிறான். வில்லிபுத்தூரார் இந்த இடத்தில், என்ன வரம் வேண்டும் என்று கேட்கும் கிருஷ்ணனிடம், இன்னும் பிறவி உண்டானால் ஏழேழு பிறப்பிலும் "இல்லையென்று இரப்போர்க்கு இல்லையென்று உரையா இதயம் நீ அளித்தருள்" என்று கர்ணனைக் கேட்க வைக்கிறார். ஹார்மோனியத்தை நிறுத்திவிட்டு வெறும் குரலில் அந்த அடியைப் பாடினார் வாத்தியார்.

இது பாண்டவர்கள் மனைவியின் கோயில். அவள் மானத்தைச் சபையில் வாய் கூசாமல் பேசியவர்களில் கர்ணனும் ஒருவன். அவள் சன்னதிக்கு முன்னால், அவள் எதிரிக்காக ஊரே விழித்திருந்து அழுகிறது. அவள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவு திறந்தே இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டு நாளாக நான் தேடியது இது என்று அப்போது தோன்றியது. நம்மவர் வென்றதில் கிடைக்கிற ஆறுதலைத் தேடி இவர்கள் வரவில்லை. தோற்றவனுக்கும் இங்கே அழ இடம் இருக்கிறது என்பதால் வருகிறார்கள்.

குந்தி வந்து மகன் தலையை மடியில் எடுத்தாள். கிழக்கு வெளுத்துவிட்டது. விளக்கை அணைத்தார்கள். அரிதாரம் வியர்வையில் வழிந்து, பகல் வெளிச்சத்தில் அந்த முகம் நிஜமான பிணம் போல இருந்தது.

அப்பாவுக்கு ஒரு கர்ண மோட்சம் வைத்திருக்கலாம்.

ஒன்பதாம் நாள், சனி

கோயிலுக்கு எதிர்த் திடலில் துரியோதனனைச் செய்கிறார்கள். மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மல்லாந்து கிடக்கும் உருவம். நாற்பது அடியாவது இருக்கும். மீசை, கிரீடம், கையில் கதாயுதம். வலது தொடையில் ஒரு குழி எடுத்துச் சிவப்பு நீர் நிரப்பிய கலயம் வைத்து மூடினார்கள். குழந்தைகள் விரல் நகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

நாட்டிய சாஸ்திரம் போரையும் மரணத்தையும் அரங்கில் நேரே காட்டக் கூடாது என்கிறது. அந்த மரபிலும் விலகி நிற்கிற ஒரு நாடகம் உண்டு, பாசனுடையது என்று சொல்லப்படும் ஊருபங்கம். பாச நாடகங்கள் என்ற தொகுதியைச் சுவடிகளிலிருந்து கண்டெடுத்து 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தவர் கணபதி சாஸ்திரி. அதில் தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனிடம் அவனுடைய சிறு பிள்ளை துர்ஜயன் ஓடி வந்து மடியில் உட்காரப் பார்க்கிறான். உட்கார மடி இல்லை. கல்லூரியில் இதைப் படித்தபோது பரீட்சைக்குக் குறிப்பு எடுத்தேன். இன்று அந்த மண் தொடையின் மேல் ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்திருந்ததையும் யாரோ அதட்டி இறக்கியதையும் பார்த்த பிறகுதான் அந்தக் காட்சி எனக்குள் போனது.

பிரசங்கியாரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். வில்லிபாரதம் சௌப்திக பருவத்தோடு, பத்தாவதில் நின்றுவிடுகிறது. பதினொன்றாவது ஸ்திரீ பருவம், பெண்கள் களத்துக்கு வந்து தங்கள் பிணங்களைத் தேடி அழுகிற பருவம், தனியாக இல்லையே, அதை எப்படிச் சொல்வீர்கள் என்று. "நான் எதற்கு அம்மா சொல்ல வேண்டும்? நாளைக் காலை வந்து பாருங்கள்" என்றார்.

இரவு பதினெட்டாம் போர். விடிய விடிய.

பத்தாம் நாள், ஞாயிறு

காலை ஏழு மணிக்கு இரவுக் கூத்தின் பீமனும் துரியோதனனும் வேஷம் கலைக்காமல் களரியிலிருந்து நேராகப் படுகளத்துக்கு ஓடி வந்தார்கள். ஊர் முழுக்கப் பின்னால் ஓடியது. மண் உருவத்தின் மேலேயும் சுற்றியும் சண்டை. அம்மன் விரித்த கூந்தலோடு பல்லக்கில் வந்து நின்றாள். பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கியது, கலயம் உடைந்தது, சிவப்பு நீர் மண்ணில் பரவியது. திரௌபதியின் கூந்தலில் அதைத் தடவி, பூ வைத்து முடிந்தார்கள். பதினெட்டு நாள் போர் முடிந்தது. குலவை, பம்பை, "கோவிந்தா" முழக்கம். சுற்றிலும் பெண்கள் அவிழ்ந்த கொண்டைகளை முடிந்துகொண்டார்கள்.

அந்தக் குலவை ஓயுமுன் பெருந்திருவாள் வந்தாள், துரியோதனன் மனைவி, கையில் முறத்தோடு. புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டே புலம்பினாள். இரண்டு அடிக்குப் பிறகு அவள் குரல் தனியாகக் கேட்கவில்லை. ஊர்ப் பெண்கள் மண் தலையைச் சுற்றித் தோளில் தோள் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்கள். வெற்றிக்குக் குலவையிட்ட அதே வாய்கள். "ராசாவே, நூறு பேரோடு பிறந்தாயே, ஒருத்தர்கூட இல்லாமல் கிடக்கிறாயே" என்று யாரோ எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிரசங்கியார் பார்க்கச் சொன்ன பருவம் இது. ஏட்டில் இல்லாததை இவர்கள் வருஷா வருஷம் வாயால் எழுதுகிறார்கள்.

ஆயா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். எனக்கு ஒப்பாரி பாடத் தெரியாது. என்ன சொல்லி அழுவது என்று காதருகே கேட்டேன். "அப்பா என்று சொல், போதும்" என்றார். அப்பாவைப் பற்றி நான் இந்த ஊரில் ஒருவரிடமும் பேசவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் சத்தம் யாருக்கும் தொந்தரவாக இல்லை.

எழுந்தபோது சுற்றியிருந்தவர்கள் துரியோதனனின் உடம்பிலிருந்து மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குதிரில் போட்டால் நெல் குறையாதாம், வயலில் தூவினால் விளையுமாம். அரைமணி நேரத்தில் முகமும் மார்பும் கரைந்து வெறும் மேடாகிவிட்டது. ஆயா ஒரு கைப்பிடி அள்ளி என் கைக்குட்டையில் கட்டிக் கொடுத்தார். எனக்கு வயலும் இல்லை, குதிரும் இல்லை என்றேன். "அரிசி இருக்கும் அல்லவா?" என்றார்.

மாலை தீமிதி. காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் உடையில் குளித்து வந்து, அம்மன் முன்னே போக, தணலில் நடந்தார்கள். தபசு மரத்தடியில் பழத்தைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெண்ணும் நடந்தாள். எனக்குத் திரும்பும் பஸ் ஒன்பது மணிக்கு. முழுவதும் பார்க்க முடியவில்லை.

காஞ்சிபுரத்தில் காத்திருக்கும்போது அம்மாவுக்குப் போன் செய்தேன். குரல் கம்மியிருக்கிறதே என்றாள். அழுதேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சத்தமாகவா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். மண்ணைப் பற்றியும் சொன்னேன். அரிசி டப்பாவைக் கழுவிக் காய வைக்கிறேன், வந்து சேர் என்றாள்.